மோட்டார் ஓடும்போது மண் ஈரப்பத சென்சார் தடுமாறுகிறது, தீர்வு என்ன?

சொட்டுநீர்ப் பாசனத்துக்கு இஎஸ்பி 32 (வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டு) போர்டில் கெப்பாசிட்டிவ் (மின்தேக்குத் திறனால் ஈரம் அளக்கும்) சென்சார், 20 செ.மீ. ஆழத்தில். காய்ந்த மண்ணில் 2,800, நனைந்ததில் 1,300 காட்டுகிறது (ஈரம் கூடினால் எண் குறையும், புதியவர்கள் இங்கேதான் தலைகீழாக நிரல் எழுதிவிடுவார்கள்).

மோட்டார் ஓடியதும் எண் 400 வரை சட்டென்று இறங்குகிறது. ஈரம் போதுமென்று ரிலே (போர்டு இயக்கும் சுவிட்ச்) மோட்டாரை அணைக்கிறது; அணைத்ததும் எண் ஏற, மறுபடி போடுகிறது. இப்படியே போனால் காண்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரம் தரும் பெரிய சுவிட்ச்) கருகிவிடும்.

வைஃபை ஓடும்போது போர்டின் ஏடிசி 2 (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் இரண்டாம் பகுதி) பின்கள் உதவாது என்பதால் சென்சார் இணைப்பு 34ஆம் பின்தான். ஈரம் புகாதபடி சென்சார் விளிம்புகளில் எபாக்சி பசை பூசியாயிற்று. 10 அளவீடுகளின் சராசரியும் பலிக்கவில்லை. 15 மீட்டர் சென்சார் கம்பி மோட்டார் கேபிளோடு ஒரே குழாயில் போகிறது, சந்தேகம் அதன்மேல்தான்.

தனிக்குழாயில் ஷீல்டு (உலோக உறை உள்ள) கம்பி போட்டால் போதுமா? சென்சார் அருகிலேயே சிறு போர்டு வைத்து ஆர்எஸ் 485இல் (நீண்ட கம்பியில் டிஜிட்டலாக அனுப்பும் முறை) அனுப்புவதுதான் வழியா? செய்து பார்த்தவர்கள் கம்பி வகையோடு சொல்லுங்கள்.