புதுசா போட்ட பேட்டரியும் கொதிக்குது, டைனமோவை மாத்தணுமா?

குலசேகரம் தடி லாரி:
அண்ணமாரே, ஒரு வழி சொல்லுங்க. எனக்க லாரியில குலசேகரத்துல இருந்து பெரும்பாவூருக்கு ரப்பர் தடி அடிக்கேன். 24 வோல்ட் வண்டி, 12 வோல்ட் பேட்டரி ரெண்டு. அதுல கேபின் பக்கம் இருக்கது மட்டும் கொதிக்குது. போன வாரம் கொட்டாரக்கரை தாண்டி டீ குடிக்க நிறுத்தினா, அழுகின முட்டை நாத்தம். பேட்டரி பெட்டியைத் திறந்தா மூடி ஓட்டை வழியா ஆவி வருது, உள்ள கொதிக்கிற சத்தம் கேக்குது. கையை வெச்சு மூணு எண்ணதுக்குள்ள எடுத்துட்டேன். ஒட்டி இருக்க மத்த பேட்டரி சில்லுன்னு இருக்கு.

மூணு மாசம் முன்ன இதே இடத்துல இருந்த பழசும் இப்படித்தான் வயிறு ஊதிப் போச்சு. அது ஒண்ணை மட்டும் மாத்தினேன். இப்ப புதுசும் அந்த வழிக்கே போவுது. நாலு நாளைக்கு ஒருக்கா டிஸ்டில்டு வாட்டர் ஊத்துதேன். ஒரு கடையில டைனமோ போச்சு, மாத்துன்னு சொல்லுதாங்க. ஆனா மீட்டர் வெச்சா 28.2 தான் காட்டுது. தவணை கட்ட வேண்டிய மாசம், சும்மா காசு போடப் பயமா இருக்கு.

கொளச்சல் மீன் வண்டி:
தம்பி, வயிறு சுடுதா, தலை சுடுதா? நமக்கு மீன் பெட்டியில இருந்து வடியுற உப்புத் தண்ணியால, பேட்டரி தலையில வயர் மாட்டுற கிளாம்புல வெள்ளையும் பச்சையுமா பூத்துரும். ஒரு தடவை செல்ஃப் அடிச்சு அடிச்சு கிளாம்பு பழுக்கக் காஞ்சு, ஈயக் கம்பமே ஒரு பக்கம் உருகிப் போச்சு. ஆனா பேட்டரி உடம்பு சுடல. அப்படின்னா சுடு தண்ணி ஊத்திக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, முறுக்கி, வாசலின் தடவினா போதும்.

குலசேகரம் தடி லாரி:
இல்லண்ணே, உடம்பு முழுக்க சுடுது. கிளாம்பு சுத்தமாத்தான் இருக்கு, அசையல.

தக்கலை எலக்ட்ரீசியன்:
டைனமோவைக் கழத்தாதீங்க. 28.2 சரியான சார்ஜ். சார்ஜைக் கட்டுப்படுத்துற கட்டவுட் போயிருந்தா 30-க்கு மேல ஏறியிருக்கும், அப்ப ரெண்டு பேட்டரியும் சேர்ந்து கொதிக்கும். ஒண்ணு மட்டும் கொதிக்குதுன்னா ரெண்டுக்கும் நடுவுலதான் சங்கதி.

முதல்ல என்ஜினை நிறுத்திட்டு நல்லா ஆற விடுங்க. அந்த ஆவியில ஹைட்ரஜன் இருக்கு. ஒரு பொறி போதும், பேட்டரி வெடிச்சு ஆசிட் மூஞ்சியில அடிக்கும். பீடி, சிகரெட் பக்கத்துல வேண்டாம். வண்டி ஓடும்போது கிளாம்பைக் கழத்துற பழக்கம் இருந்தா இன்னையோட விட்டுருங்க. முட்டை நாத்தம் வந்தா குனிஞ்சு மோந்து பாக்காதீங்க, அது விஷ வாயு. ஆறினப்புறம் ஸ்டார்ட் பண்ணி, லேசா ரேஸ் குடுத்து, ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியா மீட்டர் வெச்சுப் பாருங்க. அப்புறம், பாட்டுப் பெட்டி, ஃபேன் எல்லாத்துக்கும் கரண்ட் எங்க இருந்து எடுத்திருக்கு?

குலசேகரம் தடி லாரி:
பாத்தேன் அண்ணே. கொதிக்கது 15.3, மத்தது 12.9. பாட்டுப் பெட்டி, ஃபேன், போன் சார்ஜர் எல்லாம் போன ஓணத்துக்கு முன்ன போட்டது. சில்லுன்னு இருக்கே, அந்த எர்த்துப் பக்கத்து பேட்டரியில இருந்துதான் 12 வோல்ட் எடுத்திருக்கு.

தக்கலை எலக்ட்ரீசியன்:
அதேதான். கொதிக்கிறது நோயாளி இல்ல தம்பி, சில்லுன்னு இருக்கதுதான் நோயாளி.

டைனமோவுக்கு ரெண்டு பேட்டரியும் தனித்தனியாத் தெரியாது, மொத்தம் 28.2 வந்தா அதுக்குத் திருப்தி. ஆளுக்கு 14.1 வரணும். ஆனா ஒரு பேட்டரியில இருந்து மட்டும் நீங்க கறந்துகிட்டே இருக்கீங்க. 6 ஆம்பியர்னு வெச்சாலும், தடி இறக்கக் காத்துக் கிடக்கிற பத்து மணி நேரத்துல 60 ஆம்பியர் ஹவர் போயிரும். அது எப்பவும் பசியிலேயே கிடக்கும், 12.9-க்கு மேல ஏறாது. மிச்சம் 15.3-ம் நிறைஞ்சு நிக்கிற பக்கத்து வீட்டுக்காரன் தலையில. அவன் கொதிக்காம என்ன செய்வான்? நீங்க பழசை எடுத்துட்டுப் புதுசு வெச்சாலும் அதே அடிதான். இந்த வருசம் மட்டும் இப்படி மூணு வண்டி நம்ம கடைக்கு வந்தாச்சு. மூணுலயும் கொதிச்சதைத்தான் மாத்தியிருந்தாங்க. கேட்டா வயிறு எரியுது.

12 வோல்ட் வயரை இன்னைக்கே புடுங்குங்க. 24-ல இருந்து 12-ஆ இறக்குற கன்வர்ட்டர் ஒண்ணு போட்டு, ரெண்டு பேட்டரியில இருந்தும் சமமா எடுங்க. எர்த்துப் பக்கத்து பேட்டரியைத் தனியா ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, ஆசிட் அடர்த்தி பாக்குற ஹைட்ரோமீட்டர்ல உள்ள இருக்க ஆறு செல்லையும் பாருங்க. ஆறும் 1250 பக்கத்துல வந்தா பிழைச்சுது. ஒரு செல் மட்டும் ஏறலைன்னா அது செத்த செல்.

குலசேகரம் தடி லாரி:
சார்ஜ் போட்டுப் பாத்தாச்சு. அஞ்சு செல் 1250, நாலாவது மட்டும் 1120-லயே நிக்குது. அந்த ஒரு பேட்டரியை மட்டும் மாத்தட்டா?

தக்கலை எலக்ட்ரீசியன்:
மனசு வரல சொல்ல, ஆனா ரெண்டையும் மாத்துங்க. மூணு மாசம் கொதிச்சதுல புதுசோட பிளேட்டும் உதிர்ந்திருக்கும். அதைப் புத்தம்புதுசோட ஜோடி சேர்த்தா மறுபடியும் ஒண்ணு பசியில, ஒண்ணு கொதியில. ஒரே கம்பெனி, ஒரே ஆம்பியர், ஒரே மாசத்துல வந்ததா எடுங்க. பழசு ரெண்டையும் எடைக்குப் போட்டா ஈயத்துக்கு விலை கிடைக்கும், கழிச்சுக்கலாம். கழத்தும்போது எர்த்து முதல்ல, மாட்டும்போது எர்த்து கடைசி.

குலசேகரம் தடி லாரி:
மூணு வாரம் ஆச்சு அண்ணே. கன்வர்ட்டரும் போட்டாச்சு. நேத்து பெரும்பாவூர் போய்ட்டு வந்து பாத்தேன், ஒண்ணு 14.1, ஒண்ணு 14.0. கையை வெச்சுகிட்டே நிக்க முடியுது. தண்ணி இன்னும் ஊத்தல. மீன் வண்டி அண்ணன் சொன்னபடி கிளாம்புல வாசலினும் தடவிட்டேன்.