பர்மா ஸ்டார்: கல்கத்தா துறைமுகத்தில் உழைத்தவருக்கு ஏன் கிடையாது?

தகரப்பெட்டி:
பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது தாத்தாவின் பெட்டியைத் திறந்தோம். இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்தில் இருந்தவர். 1943 மார்ச்சில் சேர்ந்தார், பயிற்சி முடிந்து 1944 பிப்ரவரியில் கல்கத்தா துறைமுகம், போர் முடியும்வரை பர்மா முனைக்குப் போகிற குண்டுப் பெட்டிகளைக் கப்பலிலிருந்து இறக்கி ரயிலில் ஏற்றும் வேலை. பெட்டியில் இருந்தது, போரில் பணியாற்றியவர்களுக்குப் பொதுவாகக் கொடுத்த வார் மெடல் ஒன்றுதான். ஒரு பக்கம் மன்னர் தலை, மறுபக்கம் இரட்டைத் தலை டிராகனை மிதித்து நிற்கும் சிங்கம், விளிம்பில் அவர் எண்ணும் பெயரும். எங்கள் ஊரிலிருந்தே இன்னொருவர் 1943 நவம்பரில் அதே துறைமுகத்துக்குப் போனவர், அவர் வீட்டில் பர்மா போர்முனைக்கென்று பிரிட்டன் கொடுத்த பதக்கமான பர்மா ஸ்டார் இருக்கிறது. வித்தியாசம் மூன்று மாதம். காரணம் விதிதான்: 1942 மே 1 முதல் 1943 டிசம்பர் 31 வரை வங்காளம், அசாம் முழுக்க அந்த ஸ்டாருக்குக் கணக்கில் வரும், 1944 ஜனவரி 1 முதல் சுர்மா, பிரம்மபுத்திரா ஆறுகளுக்குக் கிழக்கே இருந்தால் மட்டும்தான். கல்கத்தா மேற்கே போய்விட்டது. இது அநியாயம்.

முன்னாள்_ஹவில்தார்:
வருத்தம் புரிகிறது தம்பி, ஆனால் விதியில் தப்பில்லை. கோடு எங்காவது போட்டே ஆக வேண்டும். 1944இல் சண்டை நடந்தது எங்கே? இம்பால், கோஹிமா, பர்மாவின் மேற்குக் கரையான அரக்கான். பர்மா ஸ்டார் என்றால் அந்த முனையில் இருந்தவர் என்று அர்த்தம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதைக் குத்திக்கொண்டு நடப்பதில் என்ன இருக்கிறது?

தகரப்பெட்டி:
சரி, முனைதான் அளவுகோல் என்றால் இம்பாலில் ஒரு நாள் கணக்கு எழுதிய கிளார்க்குக்கும் கொடுத்தார்களே? ராணுவத்தாருக்கு அங்கே குறைந்தபட்ச நாள் கணக்கே கிடையாது, போய்ச் சேர்ந்தாலே போதும்.

முன்னாள்_ஹவில்தார்:
அந்தக் கிளார்க்கைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1944 பிப்ரவரியில் அரக்கானில் சின்ஸ்வேயா என்ற இடத்தில் 7ஆம் இந்திய டிவிஷனின் நிர்வாக முகாமை ஜப்பானியர் வளைத்துக்கொண்டார்கள். உள்ளே சிக்கியவர்களில் பலர் கிளார்க்குகள், கோவேறு கழுதை ஓட்டுபவர்கள், கிடங்கு ஆட்கள். அவர்கள்தான் துப்பாக்கியை எடுத்து இரவெல்லாம் காவல் நின்றார்கள். அந்த இடத்தில் கிளார்க், சிப்பாய் என்று பிரிக்கவே முடியாது. அதனால்தான் வேலையைப் பார்க்காமல் இடத்தைப் பார்த்தார்கள் என்பது என் எண்ணம்.

வைகைக்கரை:
இடம்தான் என்றால் கல்கத்தா மீதும் ஜப்பானியர் குண்டு விழுந்ததே. 1942 டிசம்பரில் விழுந்தது, 1943 டிசம்பர் 5 அன்று கிதிர்பூர் துறைமுகத்தையே குறிவைத்து, பகலில், கூலிகள் வேலை செய்துகொண்டிருந்த நேரத்தில் போட்டார்கள்.

முன்னாள்_ஹவில்தார்:
ஆமாம் அம்மா, அந்த தேதியையே பாருங்கள். அது நடந்தபோது கல்கத்தா கணக்கில் இருந்தது. தம்பியின் தாத்தா வந்தது அதற்குப் பிறகு.

தகரப்பெட்டி:
சரி, ஸ்டாரை விடுங்கள். பின்வரிசையில் இருந்தவர்களுக்கென்று இந்தியா சர்வீஸ் மெடல் இருக்கிறதே, அதாவது கிடைத்ததா? அதற்கு மூன்று வருடம் வேண்டும், 1945 செப்டம்பர் 2இல் கணக்கு முடிந்துவிடுகிறது. தாத்தாவுக்கு இரண்டரை வருடம். அந்த ஆறுகளுக்குக் கிழக்கே ஒரு நாள் போதும், மேற்கே மூன்று வருடம் வேண்டும், நடுவே விழுந்தவருக்கு 28 நாள் வேலை பார்த்தவருக்கும் கிடைக்கிற வார் மெடல் மட்டும். இதைத்தான் அநியாயம் என்கிறேன். விதியை மாற்றவே கூடாது என்றும் இல்லை, 2013இல் பிரிட்டன் ஆர்க்டிக் ஸ்டார் என்று புதிதாகவே ஒன்று உண்டாக்கியதே, 68 வருடம் கழித்து.

முன்னாள்_ஹவில்தார்:
ஆர்க்டிக் கப்பல்காரர்கள் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு நடுவே ரஷ்யாவுக்குப் போனவர்கள், அதையும் இதையும் ஒன்றாக வைக்க என்னால் முடியாது. ஆனால் மூன்று வருட விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆறு வருடப் போரில் மூன்று வருடம் என்பது தாமதமாகச் சேர்ந்தவனை அப்படியே வெளியே தள்ளிவிடுகிறது. ஒரு வருடம் போதும் என்று வைத்திருக்கலாம்.

வைகைக்கரை:
தம்பி, தாத்தா கல்கத்தாவை விட்டு எங்குமே போகவில்லையா? இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் சிட்டகாங் துறைமுகம் அந்தக் கோட்டுக்குக் கிழக்கேதான் வருகிறது.

தகரப்பெட்டி:
அக்கா, நீங்கள் கேட்டதும் பாட்டியிடம் போன் போட்டேன். அந்த மெடலை இன்றைக்கும் விபூதி போட்டுத் துடைத்து வைப்பது அவர்தான். ஒருமுறை சரக்கோடு சிட்டகாங் வரை போனதாகவும், திரும்பி வந்து பத்து நாள் காய்ச்சலில் கிடந்ததாகவும் தாத்தா சொல்லியிருக்கிறாராம்.

முன்னாள்_ஹவில்தார்:
உத்தரவின்பேரில் போயிருந்தால் அந்த ஒரு பயணமே போதும், தம்பி. பெட்டியில் சம்பளப் புத்தகமோ டிஸ்சார்ஜ் காகிதமோ கிடக்கிறதா பாருங்கள், ஊர் பெயரும் தேதியும் எழுதியிருப்பார்கள். கிடைத்தால் எழுத்து தெளிவாகத் தெரிகிற மாதிரி படம் எடுத்து இங்கே போடுங்கள், நான் படித்துச் சொல்கிறேன்.