சாவி திருப்பினால் அணைகிற பச்சை விளக்கு

*நம் வீடு* (குழு)

ஞாயிறு

கார்த்தி, காலை 7:12
மாமா, வண்டி மறுபடியும் மக்கர். செல்ஃப் அடித்ததும் பற்றிக்கொள்கிறது, ஒரு நொடி ஓடிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடித்தால்தான் நிற்காமல் ஓடுகிறது. அதற்குப் பிறகு எந்தத் தொல்லையும் இல்லை. செக் இன்ஜின் லைட் மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது.

வித்யா அக்கா
அந்தப் பெட்டியை மாட்டியதிலிருந்துதானே?

கார்த்தி
பெட்டி காரணமில்லை அக்கா. அது காரணமென்றால் ஓடும்போதும் தெரிய வேண்டுமே.

சித்தப்பா
பேட்டரிதான். கண்ணை மூடிக்கொண்டு மாற்று.

கார்த்தி
செல்ஃப் அடிக்கும்போது அளந்து பார்த்தேன் சித்தப்பா. 10.4 வோல்ட் நிற்கிறது.

சித்தப்பா
அப்படியானால் பெட்ரோல் பம்பு.

அம்மா
எந்தப் பெட்டியைச் சொல்கிறீர்கள்? என் முழங்காலுக்கு முன்னால், டேஷ்போர்டு அறையில் வைத்திருக்கிறானே, அதுவா?

கார்த்தி
அதுதான் அம்மா. ஃபியூவல் கன்ட்ரோலர். இன்ஜினுக்குள் போகிற காற்றை ஒரு சென்சார் அளந்து, 0 முதல் 5 வோல்ட்டுக்குள் ஒரு கணக்காக இ.சி.யு.வுக்கு, அதாவது இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டருக்கு, அனுப்பும். அந்த ஒயரை நடுவில் வெட்டிப் பெட்டியைப் போட்டிருக்கிறோம். சென்சார் சொல்வதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும். காற்று அதிகம் வருகிறது என்று நம்பி இ.சி.யு. பெட்ரோலைக் கூடுதலாக விடும்.

வித்யா அக்கா
வண்டியின் மூளையிடம் பொய் சொல்கிற பெட்டி அம்மா. காசு கொடுத்து வாங்கியிருக்கிறான்.

மாமா, காலை 8:03
இப்போதுதான் பார்த்தேன். ஸ்கேனர் போட்டாயா? என்ன எர்ரர் கோடு காட்டுகிறது?

கார்த்தி
பி 0102 மாமா. ஏர் ஃப்ளோ சென்சார், சிக்னல் குறைவு. சென்சார் போய்விட்டதோ? புதிதாக ஒன்று ஆர்டர் போடட்டுமா?

மாமா
ஒன்றும் வாங்காதே. கோடு சென்சார் பெயரைச் சொன்னால் சென்சார் கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. அந்த ஒயரில் வர வேண்டிய வோல்ட் இ.சி.யு.வுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். உன் வண்டியில் அந்த வழியில் ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. முதலில் அதை வழியிலிருந்து விலக்கு. பெட்டியோடு ஒரு பைபாஸ் பிளக் கொடுத்திருப்பார்களே, அதை மாட்டி ஸ்டார்ட் செய்து பார்.

கார்த்தி, காலை 8:31
மாமா, பைபாஸில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிறது. ஐந்து முறை பார்த்துவிட்டேன்.

வித்யா அக்கா
🙂

கார்த்தி
சிரிக்காதே அக்கா.

மாமா
சரி. சென்சார், பம்பு, பேட்டரி எல்லாம் விடுதலை. இனி பெட்டி, இல்லையென்றால் பெட்டிக்குப் போகிற ஒயர்கள். இணைப்புகளைப் படம் எடுத்துப் போடு.

கார்த்தி
📷 படம்

மாமா
இது என்னடா, ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறது? யார் செய்தது?

கார்த்தி
பொருத்திக் கொடுத்தவர்தான். அசைத்துப் பார்த்தேன் மாமா, உறுதியாகத்தான் இருக்கிறது.

மாமா
வெயிலில் டேப்பின் பசை இளகும், முறுக்கு தளரும். 1 வோல்ட் அளவில் பேசுகிற சிக்னல் அது. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, பல வண்டிகளில் அவ்வளவுதான் இருக்கும். இணைப்பில் கொஞ்சம் தடை ஏறினாலும் சிக்னல் கோணலாகிவிடும். சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடு, அல்லது சரியாக கிரிம்ப் செய். ஆனால் புகையில் மிச்சமிருக்கிற ஆக்ஸிஜனைப் பார்க்கிற ஆக்ஸிஜன் சென்சார் ஒயரில் மட்டும் சால்டர் வேண்டாம். பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை அந்த ஒயர் இழைகளின் வழியாகத்தான் இழுக்கும். ஈயத்தை உருக்கி ஊற்றினால் மூச்சடைத்துவிடும்.

ஆனால் டேப் முறுக்கு என்றால் ஓடும்போது குழியில் இறங்கினாலும் மிஸ் அடிக்க வேண்டும். உனக்கு ஸ்டார்ட்டிங்கில் மட்டும்தானே வருகிறது. அது இடிக்கிறது.

அம்மா, காலை 9:15
நான் ஒன்று சொல்லட்டுமா? நேற்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக் கூடு எடுக்க அந்த அறையைத் திறந்தேன். இவன் சாவியைத் திருப்பியதும் பெட்டியில் இருந்த பச்சை விளக்கு அணைந்துவிட்டது. வண்டி உறுமி நின்ற பிறகுதான் திரும்ப எரிந்தது. ரேடியோ வெளிச்சமும் கூடவே போய்க் கூடவே வந்தது.

மாமா
அக்கா!! இதை நேற்றே சொல்லியிருக்கக் கூடாதா?

அம்மா
யாராவது கேட்டீர்களா தம்பி?

மாமா
கார்த்தி, பெட்டியின் சிவப்பு ஒயரை எங்கிருந்து எடுத்திருக்கிறது?

கார்த்தி
ஆடியோ செட்டுக்குப் பின்னால் மாமா. சாவி போட்டால்தான் கரன்ட் வருகிற லைன் என்று சொன்னார்.

மாமா
சாவி போட்டால் வரும். செல்ஃப் அடித்தால் போய்விடும். அது ஆக்சஸரி லைன். செல்ஃப் மோட்டாருக்கு முழு கரன்ட்டும் கிடைக்கட்டும் என்று அந்த நேரத்தில் ரேடியோ, லைட்டர் சாக்கெட் எல்லாவற்றையும் சாவி சுவிட்ச்சே துண்டித்துவிடும். உன் பெட்டி அப்போது செத்துப்போகிறது. சாவியை விட்டதும் மறுபடி உயிர் வந்து, தன்னை எழுப்பிக்கொள்ள ஓரிரு நொடி ஆகிறது. இன்ஜின் பற்றிக்கொள்கிற நேரம் பார்த்து இ.சி.யு.வுக்குக் காற்று எவ்வளவு என்று சொல்ல ஆளில்லை. கரன்ட் போனால் சிக்னலை நேராகக் கடத்திவிடுகிற ரிலே சில பெட்டிகளில் உண்டு. உன்னுடையதில் இல்லை போல.

வித்யா அக்கா
பொய் சொல்கிற பெட்டி சமயம் பார்த்து ஊமையாகிவிட்டது.

மாமா
ஊகமாக விடாதே, அளந்து பார். மீட்டரின் கறுப்பு முள் பேட்டரி மைனஸில், சிவப்பு முள் பெட்டியின் சிவப்பு ஒயரில். வித்யா சாவியைத் திருப்பட்டும், நீ மீட்டரைப் பார்.

கார்த்தி, காலை 10:02
சாவி ஆன்: 12.3
செல்ஃப் அடிக்கும்போது: 0.0
விட்டதும்: 12 சொச்சம்
😐

சித்தப்பா
நான் பேட்டரி என்று சொன்னதும் கரன்ட் விஷயம்தானே.

மாமா
ஆமாம் மச்சான், பக்கத்துத் தெரு வரைக்கும் வந்துவிட்டீர்கள்.

கார்த்தி, இப்போது இக்னிஷன் லைன் ஒன்று தேடு. சாவி ஆன் செய்தாலும், செல்ஃப் அடித்தாலும் கரன்ட் நிற்க வேண்டும். அடிக்கும்போது 10 சொச்சத்துக்கு இறங்கலாம், பூஜ்யமாகக் கூடாது. ஃபியூஸ் பாக்ஸிலிருந்தே தனி ஃபியூஸ் வைத்து எடு. மஞ்சள் உறை போட்ட ஒயர் எதையும் தொடாதே, பெரும்பாலும் ஏர்பேக் லைன் அது. வெட்டுவதற்கு முன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடு.

கார்த்தி, மதியம் 1:40
முடிந்தது மாமா. டேப் முறுக்கு நான்கையும் பிரித்து சால்டர் வைத்தேன். ஒன்றில் செம்பு பச்சை பூத்திருந்தது. தொட்டதும் இரண்டு இழை கையோடு வந்துவிட்டது. இப்போது ஒரே அடியில் ஸ்டார்ட். எர்ரர் கோடை அழித்தேன், திரும்ப வரவில்லை.

அம்மா
நல்லது. எனக்கு இன்னொரு சந்தேகம். அந்தப் பெட்டியால் என்ன கிடைத்தது?

கார்த்தி
பிக்கப் அம்மா. பெட்டியின் அட்டவணையில் எல்லாக் கட்டத்திலும் 10 சதவீதம் கூட்டியிருக்கிறேன். முதல் நாள் நன்றாகத் தெரிந்தது. அப்புறம் பழையபடி ஆகிவிட்ட மாதிரி இருக்கிறது.

மாமா
பழையபடி ஆகத்தான் செய்யும். பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் லாங் டேர்ம் ஃபியூவல் ட்ரிம், அதாவது இ.சி.யு. தானாகக் கற்றுக்கொண்டு பெட்ரோலைக் கூட்டிய அல்லது கழித்த சதவீதம், எவ்வளவு இருந்தது என்று பார்த்தாயா?

கார்த்தி
முதலில் ஸ்கேனர் போட்டபோது எடுத்த படம் இருக்கிறது. மைனஸ் 9.4.

மாமா
கேட்டுக்கொள். நிதானமாக ஓட்டும்போது இ.சி.யு. ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துப் பார்த்துப் பெட்ரோலைத் திருத்தும். 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று, அதைச் சுற்றியே வைத்திருக்கும். நீ 10 கூட்டினாய். புகையில் பெட்ரோல் அதிகம் என்று கண்டுபிடித்து அது 9.4 கழித்துவிட்டது. ஆக, உன் காசு கழித்தலில் போனது. முழு மிதி மிதித்தால் அந்தத் திருத்தத்தை விட்டுவிட்டு நேர்க்கணக்கில் போகும். ஆனால் கற்றுக்கொண்ட கழித்தலைச் சில வண்டிகள் அங்கேயும் கொண்டுபோகும்.

இன்னொன்று. காற்று அதிகம் என்று பொய் சொன்னால் லோடு, அதாவது இன்ஜின் மேல் சுமை, அதிகம் என்றும் அது நம்பும், ஸ்பார்க் விழுகிற நேரமான இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். மைலேஜுக்காகக் குறைத்துச் சொன்னால் அதைவிட மோசம்: டைமிங் முன்னே போகும், பெட்ரோலும் குறையும், மிதிக்கும்போது பெட்ரோல் நேரம் தவறி வெடித்து இன்ஜின் நாக் அடிக்கும். பிஸ்டன் போய்விடும்.

கார்த்தி
அப்படியானால் கழற்றிவிடட்டுமா?

மாமா
நான் என்றால் கழற்றிவிடுவேன். உனக்கு மனசு வராது. குறைந்த லோடு கட்டங்களை எல்லாம் பூஜ்யமாக்கு. பேட்டரியைக் கழற்றியதில் பழைய கழித்தல் பெரும்பாலும் மறந்திருக்கும். இரண்டு மூன்று நாள் ஓட்டிவிட்டு ட்ரிம் பார். பூஜ்யத்தை ஒட்டி, 5க்குள் நின்றால் சரி. முழு மிதிக் கட்டங்களை வைட்பேண்ட் சென்சார் போடாமல் தொடாதே. வண்டியோடு வந்த ஆக்ஸிஜன் சென்சார் 14.7க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும்தான் சொல்லும், எவ்வளவு தூரம் என்று சொல்லாது.

சித்தப்பா
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வித்யா அக்கா
சித்தப்பா, நான் படித்துவிட்டேன்.

புதன்

கார்த்தி, மாலை 6:50
லாங் டேர்ம் மைனஸ் 1.6 மாமா. செக் இன்ஜின் லைட் இல்லை. பிக்கப்பும் இல்லை.

அம்மா
இன்று கவனித்தேன். சாவி திருப்பும்போது பச்சை விளக்கு அணையவில்லை. ரேடியோ மட்டும் அணைகிறது. அதையும் பார்க்க வேண்டுமா தம்பி?

மாமா
வேண்டாம் அக்கா, அது அணைய வேண்டியதுதான்.