தை முதல் பங்குனி வரை குளங்களில் பறவை, மீன் கணக்கெடுப்பு வேலை: போகலாமா?

சேரன்மாதேவிப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் விலங்கியல் பட்டம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் களப்பணி உதவியாளராக வரச் சொல்லியிருக்கிறார்கள். பொங்கல் முடிந்ததும் ஆரம்பித்து பங்குனி வரை வேலை. நாங்குநேரி, களக்காடு, அம்பாசமுத்திரம் பக்கத்துக் குளங்களில் காலையில் பறவை எண்ண வேண்டும். மீன் பிடிக்கிற நாட்களில் என்ன மீன், எவ்வளவு நீளம், என்ன எடை என்று குறிக்க வேண்டும். அதற்கு மேல் அவர்களும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

அப்பா பி.எட். சேரச் சொல்கிறார். விடியக்காலையில் ஆள் நடமாட்டமில்லாத கரையில் பொம்பளப் பிள்ளை நிற்பதா என்று அம்மாவுக்குப் பயம். எனக்குப் போக ஆசைதான். ஆனால் கொக்கு, நாரை, நீர்க்காகம் தாண்டி ஒன்றும் தெரியாது. மீன் என்றால் குழம்பில் கிடப்பதைத்தான் தெரியும்.

மூன்று மாதம் முடிந்தால் அப்புறம் என்ன? இதை வைத்துப் பிழைக்க முடியுமா, இல்லை ஒரு சான்றிதழோடு முடிந்துவிடுமா? பைனாகுலரை நானே வாங்க வேண்டுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

குளத்தங்கரை:

தாயி, போய்ட்டு வா. பி.எட். எங்கேயும் ஓடிவிடாது.

நான் நாங்குநேரிப் பக்கம். எங்கள் வீட்டில் வழிவழியாக மீன்பாசி குத்தகை, அதாவது குளத்து மீனைப் பிடிக்கிற உரிமையை ஏலத்தில், எடுத்தவர்கள். இப்போது நான் கணக்கெடுப்புக்காரர்களோடு சீசனுக்குச் சீசன் போகிறவன். குத்தகைக்காரன் பேச்சும் தெரியும், பறவைக்காரர் பேச்சும் தெரியும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உன் வேலையை நடத்தப்போவது காலண்டர் இல்லை, குளத்துத் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையும் அணைத் தண்ணீரும் எப்படி வந்தது என்பதைப் பொறுத்துத்தான் தையில் நீ பார்ப்பது. குளம் நிறைந்து கிடந்தால் பறவை நிறைய இருக்கும் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். கரை முட்டத் தண்ணீர் நின்றால் உள்ளானுக்குக் கால் வைக்கச் சேறு கிடையாது, நாரைக்கும் ஆழம் கூடுதல். வாத்தும் நாமக்கோழியும் அகலத் தண்ணீரில் சிதறிவிடும். அதே குளம் மாசியில் பாதி வற்றும்போது போய்ப் பார், கண் கொள்ளாது. அதனால் ஒவ்வொரு முறையும் மடையில் எத்தனை படி தண்ணீருக்கு மேலே தெரிகிறது என்பதை முதல் வரியில் எழுது. தண்ணீர் மட்டம் இல்லாத பறவைக் கணக்கை வைத்து ஒன்றும் பேச முடியாது.

எண்ணுவது. காலையில் கிழக்குக் கரையில் நில், வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவையின் நிறம் தெரியும். மேற்குக் கரையில் நின்றால் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். முதலில் பெரியது: கூழைக்கடா, சங்குவளை நாரை, கரண்டிவாயன், பூநாரை வந்திருந்தால் அது. இவை நின்ற இடத்தில் நிற்கும், ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். அப்புறம் வாத்துகள். கடைசியில் நாமக்கோழிக் கூட்டம். அதில்தான் தலை சுற்றும். பத்தை மட்டும் உண்மையாக எண்ணு, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார், அதே அளவைக் கூட்டத்தின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டே போ. கூட வருகிறவரும் தனியாக எண்ணட்டும். ரெண்டு பேரும் முடித்த பிறகுதான் எண்ணைச் சொல்லிக்கொள்ள வேண்டும். முன்னாலேயே ஒருத்தர் வாய்விட்டால் அடுத்தவர் கணக்கு தானாக அங்கே போய் நிற்கும்.

அறுவடை முடிந்த வயலில் மேய்க்கக் கொண்டுவரும் வாத்துக் கூட்டம் குளத்திலும் இறங்கும். தூரத்தில் பார்த்தால் ஆயிரம் காட்டு வாத்து வந்த மாதிரியே இருக்கும். கரையில் கம்போடு ஆள் நிற்கிறாரா பார்த்துக்கொள். சிரிக்காதே, இதைப் பட்டியலில் ஏற்றியவர்கள் உண்டு.

இன்னொன்று, இதை யாரும் பயிற்சியில் சொல்ல மாட்டார்கள். காலை நேரம் படித்துறையில் ஆட்கள் குளிக்கிற நேரம். பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பவே கூடாது. பையன்கள் தெரியாமல் திருப்பி, ஊரே கூடிச் சண்டையாகியிருக்கிறது. முதலில் படித்துறையில் போய், யார், எதற்கு வந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு அப்புறம் கரையேறு.

இப்போது மீன். உன்னிடம் நான் சொல்ல வந்ததே இதுதான். பறவை படிக்க ஆள் நிறைய வருகிறார்கள். மீனும் சேர்த்துத் தெரிந்தவர்கள் இந்தச் சீமையில் குறைவு. குழம்பு மீனில் ஆரம்பி, தப்பில்லை. குத்தகைக்காரர்கள் விடுவது கட்லா, ரோகு, மிர்கால். கால்வாய்த் தண்ணீரோடு தானாக வருவது கெண்டை, கெளுத்தி, விரால், குறவை, ஆரால், அயிரை. ஜிலேபி கூப்பிடாமலே வந்து குடியேறியது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கத் தடை இருக்கிறது, பார்த்தால் கட்டாயம் குறி. தேளி மீனை வெறுங்கையால் பிடிக்காதே. முள் குத்திவிட்டால் தாங்குகிற சூட்டில் வெந்நீரில் கையை வை, வலி இறங்கும். வீக்கம் கூடினால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

மீனை எப்போதும் தலை இடப்பக்கம் வருகிற மாதிரி வைத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடு. நீளம் எழுதும்போது வால் நுனி வரையா, வால் தொடங்கும் இடம் வரையா என்று முதல் நாளே கேட்டுக்கொள். ஒரு வாரம் ஒரு மாதிரியும் அடுத்த வாரம் இன்னொரு மாதிரியும் அளந்தால் எல்லாம் வீண். வலைக் கண்ணியின் அளவையும் எழுது. ரெண்டு விரல் கண்ணியில் சிக்காத அயிரையை "குளத்தில் இல்லை" என்று எழுதினால் அது பொய்க் கணக்கு.

குத்தகைக்காரரிடம் பேசும் விதம் இருக்கிறது. அவர் ஏலத்தில் பணம் கட்டியவர். நீர்க்காகக் கூட்டம் இறங்கி அவர் விட்ட குஞ்சைத் தின்றால் அவருக்கு வயிறு எரியும், வெடி போடுவார். அவரிடம் போய், தீபாவளிக்குக்கூட வெடி போடாத கூந்தன்குளத்தைப் பாருங்கள் என்று பாடம் நடத்தாதே. அது 1994-இல் பறவைச் சரணாலயம் ஆனது, 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது, வீட்டுப் புழக்கடை மரத்தில் நாரை கூடு கட்டினால் அதை ராசி என்று நினைக்கிற ஊர். இவர் நிலைமை வேறு. பதிலாக, எது மீன் தின்னும், எது தின்னாது என்று காட்டு. நத்தைகுத்தி நாரைக்கு நத்தைதான் சாப்பாடு. நாமக்கோழிக்குப் பாசியும் செடியும். ஊசிவால் வாத்து விதையும் பூச்சியும் தேடும். இவற்றை விரட்டுவதில் அவருக்கு ஒரு பைசா லாபமில்லை, வெடிச் செலவுதான். நான் இதைச் சொல்லித்தான் எங்கள் ஊர்க் குத்தகைக்காரரை வெடியைப் பாதியாகக் குறைக்க வைத்தேன். மீதிப் பாதி நீர்க்காகத்துக்கு. அதில் அவர் இறங்கி வரவில்லை, எனக்கும் பதில் இல்லை.

சாமான்: பைனாகுலர் நீ வாங்காதே, அவர்கள் தர வேண்டும். வாங்கியே தீர வேண்டுமென்றால் 8x42. பேனா வேண்டாம், பென்சில். நனைந்தாலும் எழுத்து ஓடாது. ரப்பர் செருப்போடு குளத்துக்குள் இறங்காதே, கருவேல முள் அதைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும். கேன்வாஸ் ஷூ போதும்.

உவரி வள்ளம்:

அண்ணாச்சி சொன்ன மீன் விஷயத்துக்கு நான் கடலில் இருந்து ஒரு பங்கு சேர்க்கிறேன். பங்குனிக்கு அப்புறம் என்ன என்று கேட்டீர்கள் தங்கச்சி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுக்குத் தடை. உவரி, கூட்டப்புளி, இடிந்தகரை, கூடுதாழை எல்லாம் பெரும்பாலும் வள்ளம், அதாவது நாட்டுப்படகு, ஓடுகிற ஊர்கள். தடை நாளிலும் இங்கே கரையில் மீன் வந்துகொண்டுதான் இருக்கும். கரையில் இறங்கும் மீனைக் குறிக்கும் வேலைக்கு அவ்வப்போது ஆள் எடுப்பார்கள். தூத்துக்குடியில் கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது, 1977-இல் தொடங்கிய மீன்வளக் கல்லூரியும் இருக்கிறது. மேலே படிக்க நினைத்தால் அங்கே போய் விசாரியுங்கள்.

கடற்கரைக்கு வந்தால் ஒரு மரியாதை. ஏலம் முடிகிற வரை மீனில் கை வைக்காதீர்கள். சாளையோ பாரையோ, ஏலம் போன பிறகு வாங்கினவரிடம் கேட்டால் அளக்கத் தருவார். அதற்கு முன்னால் தூக்கிப் புரட்டினால் விலை கெட்டுவிடும் என்று சத்தம் வரும், நியாயமான சத்தம்தான்.

தை, மாசியில் ராத்திரி பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும். வனத்துறை ஆட்களோடு நடக்கிற தன்னார்வலர்கள் உண்டு. தனியாகப் போய் முட்டையைத் தோண்டி எடுக்கிற வேலை மட்டும் வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை ஒன்றில் இருக்கிற உயிர், சட்டம் கடுமை.

மணிமுத்தாறு அக்கா:

அம்மாவின் பயத்துக்கு நான் பதில் சொல்கிறேன்.

தனியாக அனுப்பினால் போகாதே. ரெண்டு பேராகத்தான் கரைக்கு வருவோம் என்று சேரும்போதே சொல்லிவிடு. எண்ணுவதற்கே ரெண்டு பேர் வேண்டும், அதனால் இதை ஏதோ சலுகை மாதிரி கேட்க வேண்டியதில்லை. குளத்தங்கரையில் கழிப்பறை கிடையாது, ஆண்கள் யோசிக்கவே மாட்டார்கள். ஒவ்வொரு ஊரிலும் மகளிர் குழு அக்கா ஒருத்தரைப் பழக்கம் பண்ணி வைத்துக்கொள். வீட்டைத் திறந்து விடுவார், காப்பியும் கொடுப்பார், குளத்தில் யார் எப்போது வலை போடுகிறார்கள் என்ற தகவலும் அங்கேதான் கிடைக்கும். படித்துறைப் பிரச்சினை நமக்கு இல்லை, பொம்பளைகள் நம்மோடு உட்கார்ந்து பேசுவார்கள். அந்தப் பேச்சில் எத்தனையோ பறவைகளின் ஊர்ப்பெயர் கிடைத்திருக்கிறது எனக்கு.

பணம். சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில், பெட்ரோல் தனியா சேர்த்தா என்று எழுத்தில் வாங்கு. ஒரு திட்டத்தில் எங்களுக்கு வண்டிச் செலவு ரசீது எல்லாம் வாங்கிக்கொண்டு, திட்டம் முடிந்ததும் போனையே எடுக்கவில்லை. நானும் இன்னொரு பிள்ளையும் கைக்காசு போட்டதுதான் மிச்சம்.

பழகிக்கொள்ள நல்ல வழி, ஜனவரியில் நடக்கும் தாமிரபரணி நீர்வாழ் பறவைகள் கணக்கெடுப்பு. 2011-இலிருந்து வருஷா வருஷம் மணிமுத்தாறு அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் முன்னின்று நடத்துகிறது, தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். தெரிந்த ஆளோடு உன்னையும் ஒரு குழுவில் போடுவார்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகக் கணக்கெடுப்பு வேறு ரகம், வனத்துறை கூப்பிட்டால்தான் போக முடியும். நேர்கோட்டுப் பாதையில் வாயைத் திறக்காமல் நடக்க வேண்டும். முண்டந்துறைக் காட்டில் உண்ணி, மேலே மழைக்காட்டில் அட்டை. வழியில் கிடக்கிற எச்சத்தைப் பார்த்து எது, எப்போது போனது என்று சொல்ல, அந்த மலையில் வாழும் பழங்குடிகளான காணிக்காரர்களை விட்டால் ஆள் கிடையாது. முதல் தடவை அவர்கள் பின்னால் நட, முன்னால் ஓடாதே.

சேரன்மாதேவியில் இருந்துகொண்டு திருப்புடைமருதூர் போயிருக்கிறாயா? 2005-இல் பறவைகளுக்காக நாட்டிலேயே முதல் பாதுகாப்புக் காப்பகமாக (கன்சர்வேஷன் ரிசர்வ்) அறிவித்த இடம், ஊர்க்காரர்களே கேட்டு வாங்கியது. அம்மாவைக் கோயிலுக்கு என்று கூட்டிக்கொண்டு போ. மருதமரத்தில் இருக்கிற பறவைகளை அவரும் நிமிர்ந்து பார்க்கட்டும்.

சேரன்மாதேவிப் பொண்ணு:

ரொம்ப நன்றி. எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். எழுத்தில் வாங்கு என்றது அவருக்குப் பிடித்துவிட்டது, "மொத அதக் கேளு" என்கிறார். அதாவது பாதி சம்மதம்.

ஒரு சந்தேகம். இன்று வயல் பக்கம் ஏழெட்டு நாரை நின்றன. அழுக்கு வெள்ளை, இறக்கையில் கறுப்பு. அலகை மூடியிருந்தாலும் நடுவில் சந்து தெரிகிறது. நத்தைகுத்தி இதுதானா? கூடவே அதே மாதிரி ஒன்று நின்றது, கொஞ்சம் பழுப்பாக, ஆனால் அலகில் சந்தே இல்லை. அது வேறு இனமா?

குளத்தங்கரை:

ரெண்டும் நத்தைகுத்திதான். இளசுக்கு அலகில் சந்து விழுந்திருக்காது, வளர வளரத்தான் விழும். ஒரே பெயரில் எழுது, பக்கத்தில் "இளம்பறவை 1" என்று குறி. அந்த இடத்தில் உடைந்த நத்தை ஓடு கிடந்தால் அதையும் ஒரு படம் எடுத்து வை, குத்தகைக்காரரிடம் காட்ட உதவும்.