கலைச்சொல் உதவி: வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியின் 'இக்னிஷன்'

நண்பர்களே, வேட்டைத் துப்பாக்கிக் கையேடு ஒன்று, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் கெட்டிக்கிற ரகம். பற்றவைக்க மூன்று வழி. தோல் சுற்றிக் கவ்விய கல் எஃகில் உரசி, பொறி கிண்ணத்து மருந்தில் விழுந்து, பற்றுவாய்த் துளை வழியாகத் தீ உள்ளே போவது ஒன்று. காம்பில் செருகிய செம்புக் கேப்பைச் சுத்தியல் அடிப்பது இரண்டு. மூன்றாவது 209 ப்ரைமர், அதாவது ஷாட்கன் தோட்டாவின் அடியில் பொருத்துகிற சிறு பற்றவைப்பான். 'எரியூட்டல்' என்று போட்டேன், சுடுகாடு ஞாபகம் வருகிறதாம். வேறு சொல் தாருங்கள்.

*

> வேறு சொல்

பொறி இருக்கிறதே! கற்பொறி, அடிபொறி. தயவுசெய்து 'சிக்கிமுக்கி' வேண்டாம், அது துருக்கியின் 'சக்மக்', நம்முடையது இல்லை.

*

துப்பாக்கியே துருக்கிதான் ஐயா, அதை என்ன செய்வீர்கள்? 12ஆம் குறளிலேயே துப்பாக்கி இருக்கிறது என்று மட்டும் யாரும் ஆரம்பிக்காதீர்கள், அது மழை.

கற்பொறிக்கு என் ஆட்சேபம் வேறு. நற்றிணை 119இல் தினைப்புனத்துக்காரன் சிறுபொறி மாட்டிப் பெருங்கல் அடார் வைக்கிறான், பன்றிக்கு வைத்ததில் புலி விழுகிறது. வேட்டைப் புத்தகத்தில் கற்பொறி என்று படித்தால் எனக்குக் கல் விழும் கண்ணிதான் தெரியும்.

*

அப்படியானால் ஞெலிகல். புறம் 315இல் கூரை இறப்பில் செருகிய ஞெலிகோல், அதாவது தீக்கடைகோல், தீயை வெளியே காட்டாமல் கிடக்கும். கேப்பும் அப்படித்தானே? அதற்கு 'வெடிக்குப்பி' என்பேன். மாட்டுக் கொம்பு நுனியில் பித்தளைக் குப்பி மாட்டுவதைப் பார்த்தவர்களுக்குக் காம்பின் மேல் அது உட்காரும் விதம் உடனே புரியும்.

*

அண்ணா, கொம்புக் குப்பி அழகுதான், ஆனால் இன்றைக்குக் குப்பி என்றால் பாட்டில். வெடிக்குப்பி என்றால் போலீஸ் வரும்.

*

நான் சுடுகிறவன், இலக்கணம் தெரியாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய வாய்வழித் துப்பாக்கி மான் வேட்டைப் பருவத்தில் இந்த மூன்றில் கல் வகைக்கு மட்டுமே அனுமதி, அதனால் மூன்றுக்கும் ஒரே பெயர் ஒட்டாது. கருமருந்துக்குப் பதிலாக விற்கிற பதிலி மருந்துகள் லேசில் பற்றாது, கல் வகைக்கு அசல் கருமருந்தே வேண்டும், 209இன் சூட்டில் அவையும் பற்றிக்கொள்ளும். கேப்புக்கு வழி திறந்த கதை இது: கிண்ணத்துத் தீ கண்ணில் பட்டுப் பறவைகள் தப்பியதால்தான் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஃபோர்சைத், அடித்தால் வெடிக்கும் மருந்துக்குப் போய் 1807இல் காப்புரிமை வாங்கினார்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், 209க்குத் 'தோட்டா' என்று போடாதீர்கள். எவனாவது முழுத் தோட்டாவைத் திணிக்கப் பார்ப்பான்.

*

ஞெலிகல்லை இரண்டு பேரிடம் வாசிக்கக் கொடுத்தேன், ஒருவர் 'நெல்லிக்கல்' என்றார். சரி, பெரும்பான்மைப்படி சிக்கிமுக்கிப் பற்றவைப்பு, கேப் பற்றவைப்பு, ப்ரைமர் பற்றவைப்பு என்று அனுப்பிவிட்டேன்.

*

> பெரும்பான்மைப்படி

நான் சம்மதிக்கவில்லை, பதிவில் இருக்கட்டும். மறுபதிப்பு எப்போது?