வடக்குத்தெரு குடும்பம்: நித்யா ரிசப்ஷன் ஹால்

சுதா சித்தி: ஹால் படம் அனுப்பியிருக்கேன், எல்லாரும் பாருங்க. அமெரிக்காவுல சார்லஸ்டன் பக்கம். நாளைக்குள்ள அட்வான்ஸ் கட்டணுமாம்

பாலு பெரியப்பா: அடேயப்பா, அரண்மனையால்ல இருக்கு

மீனா அத்தை: மரமெல்லாம் என்ன அழகு! சைவச் சாப்பாடு உண்டா?

கயல்: சித்தி, அது பழைய பிளான்டேஷன். அடிமைகளை வச்சு நெல் விளைவிச்ச இடம். தயவுசெஞ்சு கட்டிடாதீங்க

செல்வம் மாமா: ஆரம்பிச்சுட்டா

சுதா சித்தி: அது எந்தக் காலமோடி. இப்ப விசேஷத்துக்குத்தானே விடுறாங்க

கயல்: இந்த ஊர்ல இருக்கேன், அதான் சொல்றேன். அந்தப் பக்கம் முழுக்கச் சதுப்பு நிலம். மேற்கு ஆப்பிரிக்காவுல நெல் போட்டுப் பழகினவங்களையும் பிடிச்சுட்டு வந்து, காட்டை அழிச்சு, கரை கட்டி, மதகு வச்சு, கடல் ஏத்தத்துல ஆத்துத் தண்ணி வயலுக்குப் பாயுற மாதிரி செஞ்சாங்க. நாள் முழுக்கச் சேத்துல நின்னாங்க. மலேரியா. எத்தனையோ பிள்ளைங்க வளர்றதுக்கு முன்னாடியே போயிருச்சு. உரல்ல குத்திப் புடைச்சதும் அவங்கதான். 1860-ல சவுத் கரோலைனா ஜனத்துல பாதிக்கு மேல அடிமைங்க

பாலு பெரியப்பா: அங்க பருத்தி இல்லையோ?

கயல்: உள்ள தள்ளிப் போனா பருத்தி பெரியப்பா. 1793-ல பஞ்சுலேர்ந்து விதை எடுக்கிற ‘ஜின்’ மெஷின் வந்துச்சு. ஆனா பறிக்கிறது கையாலதான், அதனால இன்னும் ஆள் தேவைப்பட்டுச்சு. 1790-ல 7 லட்சம் அடிமைங்க, 1860-ல கிட்டத்தட்ட 40 லட்சம். 1808-லயே கப்பல்ல கொண்டுவரத் தடை வந்துருச்சு. அதனால வர்ஜீனியா பக்கத்துலேர்ந்து தாயை ஒரு பக்கம் பிள்ளையை ஒரு பக்கம்னு தெற்க வித்தாங்க

மீனா அத்தை: ஐயோ

மீனா அத்தை: ஆமா, முகூர்த்தப் புடவை யாரு எடுக்கிறது? போன தடவை மாதிரி என்னைக் கேக்காம எடுத்துடாதீங்க

சுதா சித்தி: அண்ணி, அதை இப்ப ஏன்

செல்வம் மாமா: 1865-லயே விடுதலை ஆயிருச்சு. முடிஞ்ச கதை

கயல்: விடுதலை ஆச்சு மாமா, நிலம்? அந்த ஜனவரியில இதே கடலோர நெல் வயலை, விடுதலையான குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரைக்கும் குடுக்கச் சொல்லி வடக்குப் படைத் தளபதி ஷெர்மன் உத்தரவு போட்டார். லிங்கனுக்கு அப்புறம் வந்த ஜான்சன் அதே வருஷம் பழைய முதலாளிங்ககிட்டயே திருப்பிவிட்டுட்டார். அப்புறம் ஊர் ஊரா, விளைச்சல்ல பங்குன்னு வாரத்துக்கு உழுதாங்க. விதை, மளிகை எல்லாம் கடன். அறுவடை முடிஞ்சு கணக்குப் பார்த்தா கடன்தான் மிச்சம். 1910-லேர்ந்து 1970-க்குள்ள தெற்கை விட்டுப் போன கறுப்பினத்தவங்க 60 லட்சம் பேர். சிகாகோ, டெட்ராய்ட்னு ஃபேக்டரி வேலைக்கு

கார்த்தி: நம்ம தாத்தா பண்ணையிலயும் இப்படி ஒரு கணக்கு நோட்டு உண்டே

மீனா அத்தை: எங்க அப்பாவை இழுக்காதே கார்த்தி

பாலு பெரியப்பா: இருந்துச்சு. நானே எழுதியிருக்கேன். நேர்ல பேசுவோம்

நித்யா: இப்பதான் பார்த்தேன். அக்கா, அந்த வீடும் அவங்க கட்டினதா?

கயல்: இந்தப் பக்கம் பழைய செங்கல்ல விரல் தடம் இருக்கும்டி. ஈரக் கல்லை எடுத்து வைக்கும்போது அடிமைங்க கை பதிஞ்சது. சின்னப் பிள்ளைங்க விரலும் உண்டு

நித்யா: அவர் ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ்ல கறுப்பினத்தவங்க நிறைய. அவங்களை அங்க எப்படிக் கூப்பிடுறது?

சுதா சித்தி: இடம் பார்த்ததே மாப்பிள்ளை வீட்ல. சம்பந்தி என்ன நினைப்பாங்க?

செல்வம் மாமா: கோயில் ஹால் கேளுங்க

கார்த்தி: பார்க்கிங்?

சுதா சித்தி: வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் கேக்கிறேன். நித்யா, நீ முதல்ல மாப்பிள்ளைகிட்டப் பேசு. அவங்கம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன்