கணக்கில் அடைப்புக்குறி நீக்கும்போது பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள்? கண்டதை எழுதுங்கள்

எழுவான்கரை:
மாறியை ம என்று வைத்துக்கொள்வோம். 5 − 2(ம + 3). தரம் 8 கொப்பிகளில் இதற்கு 3(ம + 3) என்றொரு விடை வரும். 5இல் 2ஐ முதலே கழித்துவிட்டார்கள், அது சொன்னால் விளங்கிவிடும். மனதை அரிப்பது மற்றது: 5 − 2ம + 6. 2 இரண்டு உறுப்பையும் பெருக்கியிருக்கிறது, சய (−) குறி மட்டும் முதல் உறுப்போடு நின்றுவிட்டது. ம = 1 போட்டால் கோவையின் சரியான விடை −3, அவர்கள் விடை 9. 2ஐ அல்ல, −2ஐச் சேர்த்து வட்டம் போடச் சொல்லுங்கள். உள்ளே உள்ள ம, 3 இரண்டுக்கும் போகும் அம்புகள் அந்த வட்டத்திலிருந்தே புறப்படட்டும்.

படுவான்கரை வட்டை:
அம்பெல்லாம் பிறகு. முதலில் செவ்வகம் கீறுங்கள். அகலம் 4, நீளம் 5 + 3 உள்ள வரவை (வயல் துண்டு), குறுக்கே ஒரு வரம்பு. இந்தப் பக்கம் 20, அந்தப் பக்கம் 12. வரம்பை வெட்டினால் 4 × 8 = 32. வரம்பு போட்டதால் காணி கூடவுமில்லை, குறையவுமில்லை. 4(5 + 3) = 20 + 3 என்று எழுதும் பிள்ளைக்கு வரம்புக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும்.

(3 + 2)² = 9 + 4 என்பதும் இப்படித்தான். கட்டம் போட்ட கொப்பியில் 5க்கு 5 சதுரம் கீறி, 9 கட்டத்துக்கு ஒரு நிறம், 4 கட்டத்துக்கு வேறு நிறம். 12 கட்டம் வெறுமையாகக் கிடக்கும். 3க்கு 2 துண்டு இரண்டு. ‘நடு உறுப்பு’ என்று பாடமாக்கச் சொல்வது அதைத்தான்.

சம்மாந்துறை:
செவ்வகம் சரி சேர், ஆனால் ரீச்சர் கேட்டது சய பற்றி. −2(ம + 3)க்கு எந்த வரவையைக் கீறுவீங்க? காசுக் கணக்குப் போடுங்க. கையில் 1000 ரூபா. இரண்டு பேர், ஆளுக்குச் சோத்துப்பார்சல் 300, பிளேன்ரீ 50. 1000 − 2(300 + 50). மிச்சம் 300. 1000 − 600 + 100 என்று எழுதினால் 500. பிளேன்ரீயையும் குடிச்சிட்டு 100 ரூபாயும் வாங்கிக்கொண்டு வந்தீங்களா என்று கேளுங்க, பிள்ளையே குறியை மாற்றும்.

7 × 98ஐ 700 − 14 என்று மனதில் போடுற யாபாரிக்கு ‘பங்கீட்டு விதி’ என்ற பெயர் தேவைப்படவில்லை. அந்தப் பெயரே 1814இல் செர்வுவா என்ற பிரெஞ்சுக்காரர் வைத்ததுதான்.

அக்கரைப்பற்று:
அடைப்பைக் கண்டாலே பரப்புகிறவர்களை யாரும் சொல்லவில்லையே. 3(2 × 5) என்பது 30. 6 × 15 என்று எழுதி 90 எடுக்கிறார்கள். உள்ளே சக (+) அல்லது சய இருந்தால்தான் பங்கீடு.

வகுத்தல் இன்னும் மோசம். (20 + 15) ÷ 5 = 4 + 3, பிரியும். 60 ÷ (2 + 3) பிரியாது. 30 + 20 = 50 என்கிறார்கள், விடை 12. பங்குபோடும் பண்டத்தை உடைக்கலாம். பங்காளிகளை உடைத்தால் ஒரே 60ஐ இரண்டு தரம் கொடுத்ததாகிவிடும்.

எழுவான்கரை:
பிளேன்ரீக் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். சரிபார்க்க எண் போடச் சொல்லும்போது மட்டும் ம = 0 வேண்டாம். (ம + 2)²உம் ம² + 4உம் அங்கே 4தான், பிழை ஒளிந்துகொள்ளும். 3 போட்டால் 25, 13.